உலையில் வெளுத்த குழாய்

தேவராஜன் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தான். கிணற்றில் இறைத்துக் குளித்தான். திருமண் இட்டுக்கொண்டான். சுவரில் திருகியிருந்த காபி மிஷினில் கொட்டையைப் போட்டு அரைத்தான். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தான். பால் பொங்கியது. இறக்கினான். கலந்தான். குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

ஆனி மாதத்திலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். ஆனியில் அவன் மனைவி குமுதவல்லி போனாள். மஞ்சள் காமாலை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம்.

காபி மிஷினின் இரும்பு வயிற்றில் போன வருஷத்து ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம், வரிசையாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கமாகச் சின்ன வால். அம்மா பெருந்தேவிக்கு மோதிர விரல் வளைந்தது. சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவள் எதற்குப் பொட்டு வைத்தாலும் அதற்கு வால் முளைத்துவிடும். இந்த வருஷம் துக்கம் நடந்த வீடு. பண்டிகை கிடையாது. புதுப் பொட்டு எதற்கும் வைக்கவில்லை.

அம்மா பெருமாள் அறையில் இருந்தாள். கொல்லையில் தம்பி பராங்குசம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. தேவராஜன் கூடத்துக்கு வந்தான். ஆணியில் தம்பியின் துணிப்பை தொங்கியது. அதற்குள் கையை விட்டான்.

இப்படி ஒரு காரியத்தை அவன் இதுவரை செய்ததில்லை.  

பைக்குள் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் டயோடுகள். மின்சாரத்தை ஒரே பக்கமாக விடுகிற மிளகளவுப் பொருள், ரேடியோவுக்குள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் கோடு. வேகவதி செமிகண்டக்டர்ஸின் அடையாளம். தேவராஜன் உலைக்குப் பொறுப்பாக வேலை பார்க்கும் தொழிற்சாலை அதுதான்.

ஆக, போன வாரம் தொழிற்சாலையின் பின் கேட்டில் தம்பியைப் பார்த்தது பிரமை இல்லை.

ஐப்பசியிலிருந்தே சந்தேகம் அவனோடு குடியிருந்தது. அதுவரை நன்றாகத் தேறிக்கொண்டிருந்த டயோடுகள் திடீரென்று கூடை கூடையாகக் கழிந்தன. அடைக்க வேண்டிய பக்கமும் மின்சாரம் கசிந்தது. பவர் கட்டால்தான் என்றார்கள் சிலர். டயோடு செய்யும் முறையே கோளாறு என்றார்கள் சிலர். அந்த முறை குமுதவல்லியினுடையது. தொண்டைமண்டலப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் பூவராகவனிடம் ஆராய்ச்சி செய்தபோது அவள் கண்டுபிடித்தது. அதை நம்பித்தான் முசரவாக்கத்து எல்லையில் தொழிற்சாலையே எழும்பியது. ஆராய்ச்சிக் கட்டுரையை ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் படுக்கையில் விழுந்தாள். டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை. தொழிற்சாலையில் முறை நின்று காட்டினால், இறந்தவள் பேருக்கும் பட்டம் தரலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது.

இன்று மத்தியானம் பூவராகவன் வந்து முடிவு எழுதப்போகிறார். முறை தவறு என்று அவர் எழுதினால் பட்டம் இல்லை. தொழிற்சாலை, பம்பாய்க் கம்பெனி ஒன்று கொண்டுவரும் வெளிநாட்டு முறைக்கு மாறிவிடும். குமுதவல்லி என்று ஒருத்தி அங்கே எதுவும் செய்ததாக யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முறையில் தவறில்லை, யாரோ உலையறைக்குள் புகுந்து ஏதோ செய்திருக்கிறார்கள் என்று தேவராஜன் நினைத்தான். அதனால்தான் யாரிடமும் கேட்காமல் உலையை அணைத்து ஆற விட்டிருந்தான். இன்று உள்ளிருக்கும், சிலிக்கன் சில்லுகளை வைத்துச் சுடும் குவார்ட்ஸ் குழாயை வெளியே எடுத்துப் பார்க்கப்போகிறான்.

"என் பையில என்ன தேடற அண்ணா?"

பராங்குசம் துண்டோடு வாசற்படியில் நின்றான்.

"இது எப்படி உன்கிட்ட வந்தது?"

"கழிசல். பூவராகவன் ஸார் குடுத்தார். காந்தி ரோட்டு ரேடியோக் கடையில ரிப்பேருக்கு எடுத்துக்கறா. எனக்கும் ஒரு வேலைன்னு ஆச்சு. வீட்டுல ஒருத்தர்தான் செமிகண்டக்டர் பேசணும்னு சட்டமா?"

"எதுக்குப் பின் கேட் வழியா?"

"முன் கேட்ல அர்ஜுனன் இருக்கான். வணக்கம் சொன்னா வம்சாவளியே சொல்லுவான்."

"ஸார் எதுக்கு உனக்கு இவ்வளவு ஒத்தாசை பண்றார்?"

"பெரிய மனுஷர். பண்றார். பம்பாய்க் கம்பெனியே அவரை ஆலோசகரா வெச்சுக்கப்போறதாம், தெரியுமா?" பராங்குசம் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டினான். போகிற போக்கில் திரும்பினான். "குழாயை இன்னிக்குத்தான் எடுக்கறியா?"

உலையை அணைத்தது தேவராஜனுக்கும், உலையை ஓட்டும் மணியம்மாளுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

"உனக்கு யார் சொன்னா?"

பராங்குசம் துண்டால் முகத்தைத் துடைத்தான். ஈரமே இல்லாத முகத்தை ரொம்ப நேரம் துடைத்தான்.

"என்னடா காலங்கார்த்தால?" அம்மா பெருமாள் அறையிலிருந்து வந்தாள். தேவராஜன் கையில் மிஞ்சியிருந்த ஒரு டயோடைப் பார்த்தாள். "அவனை ஒண்ணும் சொல்லாதே தேவராஜா. அவன் மேல தப்பில்லை."

"எதுல தப்பில்லை?"

"எதுலயும்." அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? தேவராஜன் சைக்கிளை எடுத்தான்.

எதிர்வீட்டு மாமி வாசலில் கோலத்தை முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். அவனைப் பார்த்ததும் முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டாள். "பெருந்தேவி சொல்லிச் சொல்லி உருகறா. வரதான்னு ஒரே வார்த்தை, குமுதா கண்ணை மூடிட்டாளாமே. யாருக்குக் கிடைக்கும்?"

அவன் தலையை ஆட்டினான். கடைசி நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லை. மருந்து வாங்க ஓடியிருந்தான். குமுதவல்லி உலையில் கையைச் சுட்டுக்கொண்டபோது அவன் பார்த்திருக்கிறான். "ஸ்" என்பாள், "பஞ்சு எங்கே" என்பாள். பெருமாளை வரதா என்று கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. ஆனால் சாகும்போது மனிதர்கள் எப்படி ஆவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அம்மா சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

பதின்மூன்றாம் நாளன்று அவனுக்கு அழுகை வரவில்லை. பூவராகவன்தான் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் அவரைத் தேற்றினார்கள்.

*

ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடந்தான். பிள்ளையார்பாளையத்தில் தறிகள் பவர் கட்டைப் பற்றிய கவலையில்லாமல் ஓடின. தார்ச் சாலையில் இரவு பெய்த மழை தேங்கியிருந்தது.

வாட்ச்மேன் அர்ஜுனன் கேட்டைத் திறந்தான்.

"இன்னா சார், ஒல ரெண்டு நாளா மூச்சே வுடல? அந்த ஃபேன் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வர்ல."

"வாட்ச்மேனுக்குத் தூக்கம் எதுக்கு?"

"பகல்ல தூங்கறதச் சொன்னேன் சார்."

தேவராஜன் சைக்கிளை நிறுத்தினான். "உலை நின்னதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்க தம்பியாண்டதான், கேட்டாரு. அவரு இன்னா வேத்து ஆளா?"

அர்ஜுனன் சிரித்தான். தேவராஜன் சிரிக்கவில்லை. தம்பிக்குத் தெரிந்த வழி தெரிந்தது. தம்பி ஏன் விசாரித்தான் என்பது தெரியவில்லை.

உலையறையில் மணியம்மாள் வெள்ளைக் கோட்டும் தலையில் துணியுமாகக் காத்திருந்தாள். தொழிற்சாலைக்கு நிலம் விற்ற குடும்பத்துப் பெண். வேலைக்கு வந்த புதிதில் உலைக்குப் பக்கத்திலேயே போகப் பயந்தவள். குமுதவல்லிதான் பழக்கினாள்.

"எடுக்கலாமா சார்?"

இருவரும் கையில் துணி உறை மாட்டிக்கொண்டார்கள். ஆள் உயரக் குழாய். மெல்ல உருவினார்கள். வெள்ளைத் துணி விரித்த மரத் தொட்டிலில் கிடத்தினார்கள்.

குவார்ட்ஸ் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரியும். இதில் நடுவில் மட்டும் தெரியவில்லை. உலைச் சூடு உச்சத்தில் இருக்கும் இடம் அது. அங்கே பால் சிந்தி உறைந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். வரிசையாக மூன்று.

மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியும். உலையறையில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். குவார்ட்ஸில் வெறும் கை படக்கூடாது. வியர்வையின் உப்பு ஒட்டினால் போதும், உலைச் சூட்டில் அந்த இடம் வெளுத்துப்போகும். அந்த உப்பு சிலிக்கனுக்குள்ளும் இறங்கும். அதற்குப் பிறகு அந்த உலையில் வைத்த எதுவும் உருப்படாது. முறை எவ்வளவு சரியாக இருந்தாலும் உருப்படாது.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தபோது குமுதவல்லிக்கு இதுதான் கவலை. கடப்பாரையிலிருந்து கணக்குப்பிள்ளையின் மேஜை வரை பொட்டு வைப்பார்கள். குழாயை மட்டும் விடுவார்களா? சண்டை போடாமல் ஒரு மரப் பலகையைக் கொண்டுவந்து அறை வாசலில் சாத்தினாள். "இதுதான் உலைக்குப் பிரதிநிதி. இதுக்கு எவ்வளவு வேணா அப்புங்கோ" என்றாள். பெண்கள் அதற்குப் பலகை சாமி என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். மாலைகூடப் போட்டார்கள்.

"இது சந்தனப் பொட்டு வெச்ச இடம்" என்றான் தேவராஜன்.

"நான் வெக்கல சார். எங்க கன்னியம்மா மேல ஆண, நான் வெக்கல."

"நீ வெச்சேன்னு சொல்லலை. அன்னிக்கு என்ன நடந்தது?"

"நீங்க துக்க வூடுன்னு வர்ல. நாந்தான் குழாயக் கயிட்டி, கழுவி, காய வெச்சு, துணி போத்தி வெச்சேன். வாசல்ல பலகைக்குப் பொட்டு வெச்சேன். பூவராகவன் சாரு வந்தாரு. 'போம்மா, போயி சுண்டல் வாங்கிக்கோ, நான் இருக்கேன்'னாரு. போயிட்டு வந்து பாத்தேன். துணி போத்தினது போத்தின மாரியே இருந்திச்சு. எடுத்து ஒலைல வெச்சேன். குழாய்ல ஒரு பொட்டுத் தூசி இல்ல சார்."

"ஸாரைத் தவிர வேற யார் வந்தா?"

மணியம்மாள் உறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"சொல்லு."

"உங்க தம்பி சைக்கிளு பின் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்திச்சு. பக்கத்துல ஒரு ஜட்கா வண்டியும் நின்னுக்கினு இருந்திச்சு. நான் கேக்கல. பெரிய எடத்துச் சமாச்சாரம் எனக்கு எதுக்கு?" குழாயைப் பார்த்தாள். "இப்ப என்னத்தான சார் சொல்லுவாங்க? பூஜைக்கு சந்தனம் கரைச்சவ நானு. எங்க நெலத்துல கட்டின ரூம்புலேந்தே என்னைத் துரத்துவாங்க."

தம்பியின் சைக்கிள். தம்பியின் பை. தம்பியின் கேள்வி. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. தேவராஜன் பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாயின் மேல் குனிந்தான்.



மூன்று திட்டுக்கும் வால் இருந்தது. மூன்றும் ஒரே பக்கம்.

இன்று காலையில் காபிக் கொட்டை அரைக்கும்போது பார்த்த அதே வால்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். தம்பி மேல் இருந்த சந்தேகம் வசதியாக இருந்தது. கோபப்படலாம், பேசாமல் இருக்கலாம், வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம். இது வசதியாக இல்லை. இந்தக் குழாயைக் கூட்டத்தில் வைத்தால் குமுதவல்லியின் முறை பிழைத்துவிடும். அடுத்த நிமிஷம், யார் வைத்தது என்று கேட்பார்கள். மணியம்மாள் என்பார்கள். இல்லை என்றால், அவன் தன் அம்மாவின் விரலைக் காட்டவேண்டும்.

வெளியே கார் வந்து நின்றது.

"பெரிய சாரு. மத்தியானம் வரேன்னாரே?" என்றாள் மணியம்மாள்.

தேவராஜன் குழாயின் மேல் துணியை இழுத்துவிட்டான். அறையைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தான். "நான் வர வரைக்கும் யாருக்கும் திறக்காதே."

"பெரிய சாரு கேட்டா?"

"நான் வந்தப்புறம்னு சொல்லு."

"நான் சொன்னா கேப்பாரா சார்?"

அவன் திரும்பி நடந்தான்.

பூவராகவன் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். கதர் ஜிப்பா. தோளைத் தட்டிக் கொடுக்கும் கை.

"இளைச்சுட்டேளே தேவராஜன். ராத்திரி சாப்பிடறேளா?"

"சாப்பிடறேன் ஸார். சீக்கிரம் வந்துட்டேளே?"

"உலை அணைஞ்சிருக்குன்னு பராங்குசம் சொன்னான். என்னவோ ஏதோன்னு பதறிண்டு கிளம்பிட்டேன்." பூட்டிய அறைக் கதவைப் பார்த்தார். "குழாயை எடுத்தாச்சா?"

"இன்னும் ஆறலை ஸார்."

பொய் தானாக வந்தது. அவர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆறட்டும். அதை நான் கார்ல எடுத்துண்டு போய் நம்ம ஆய்வுக்கூடத்துல பாக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? பாருங்கோ, நான் பக்குவமாத்தான் எழுதுவேன். ஆய்வுக்கூடத்துல நின்ன முறை, தொழிற்சாலையில நிக்கலை. அவ்வளவுதான். குமுதாவைப் பத்தி ஒரு வார்த்தை குறைச்சலா வராது."

"பட்டம்?"

"பட்டம்..." அவர் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைத்தார். "போனவளுக்குப் பட்டம் எதுக்கு தேவராஜன்? நாம மனசுல வெச்சுண்டாப் போதாதா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாமி சௌக்கியமா? அந்த விரலுக்கு எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவறாளா? பாவம், எதையும் நேரா வெக்கக்கூட முடியலை அவாளால."

பூவராகவன் மானேஜர் அறைப் பக்கம் நடந்தார். தேவராஜன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் வீட்டுக்கு வந்தது பதின்மூன்றாம் நாள் மட்டும். அன்றைக்கு அம்மா மூலையில், புடவைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா எதையாவது கோணலாக வைத்ததை இவர் எப்போது பார்த்தார்?

சைக்கிளை எடுத்தான். கேட்டில் அர்ஜுனன் என்னவோ கேட்டான். காதில் விழவில்லை.

*

அம்மா அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, இன்னும் தளிகை ஆகலை, அதுக்குள்ள வந்துட்டே? உடம்புக்கு என்ன?"

"அம்மா, உன் கையைக் காட்டு."

"வாழைக்காய்ப் பிசின்டா."

"காட்டு."

பெருந்தேவி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமல் வாழைக்காயைப் பார்த்தாள்.

"ஆயுத பூஜையன்னிக்கு ஃபேக்டரிக்கு வந்தியா?"

 அடுப்பில் பருப்பு மட்டும் தளதளத்தது.

"அவனைத் திட்டாதே" என்றாள் அம்மா. "நான்தான் வண்டி கொண்டுவரச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டேன். அதுலேர்ந்து குழந்தை உன் மூஞ்சியைப் பாக்கவே பயப்படறான்."

"எதுக்கு மறைச்சே?"

"வருஷம் திரும்பலை. துக்க வீட்டுலேர்ந்து பண்டிகைக்குப் போனாள்னு தெரு சிரிக்கும். நீ என்ன சொல்லுவியோன்னு வேற பயம். அதான் பின் வழியா வந்தேன்."

"உன்னை யார் கூப்பிட்டா?"

"பூவராகவன் ஸார்தான், பராங்குசம்கிட்ட சொல்லி அனுப்பினார். நேர்ல பாத்ததும் கையைக் கூப்பினார்டா, எனக்கு. 'குமுதாவோட ஆயுதம் அந்தக் குழாய்தான் மாமி. அவ கை இல்லாத முதல் வருஷம். நீங்க ஒரு பொட்டு வெச்சேள்னா அவளுக்குக் குளிரும்'னார்." அம்மா நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். "எனக்குப் பெண் குழந்தை இல்லை. அவதான் இருந்தா. ஆத்துல அரிவாள்மணைக்குக்கூட வெக்கலையே, அவ ஆயுதத்துக்காவது வெப்போம்னு போனேன்."

"வாசல்ல ஒரு பலகை இருந்துதே. அதுல வெக்கலையா?"

"அதுல ஏற்கெனவே இருந்தது. அவர் உள்ள அழைச்சுண்டு போனார். துணியை விலக்கினார். 'இங்க மாமி, சரியா நடுவுல'ன்னார். இந்த விரல் இழுத்துண்டது. கொஞ்சம் கோணலா விழுந்தது. 'பரவாயில்லை, மூணா வெச்சுடுங்கோ'ன்னார்."

"அப்புறம்?"

"காய்ஞ்சதும் அவரே துணியால உதிர்த்தார். 'பெருமாள் ஏத்துண்டாச்சு. அந்தப் பொண்ணு பாத்தா கத்தும்'னு சிரிச்சார். மறுபடி போத்தினார். நான் வந்துட்டேன்." அம்மா நிமிர்ந்தாள். "ஏன்டா அப்படிப் பாக்கறே? என்னடா தப்பு பண்ணினேன்?"

தேவராஜன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னான். குவார்ட்ஸ். உப்பு. சூடு. கழிந்த டயோடுகள். இன்று எழுதப்போகும் முடிவு. குமுதவல்லியின் பட்டம். அவன் குரல் ஒரு இடத்திலும் ஏறவில்லை.

"நானாடா?" என்றாள் அம்மா. "நானே என் கையால..."

"உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். குவார்ட்ஸ்ல கை படக்கூடாதுன்னு குமுதாவுக்குக் கத்துக்குடுத்ததே அவர்தான்."

அம்மா அரிவாள்மணையை மடக்கினாள். மெதுவாக, விரல் பட்டுவிடாமல் மடக்கினாள். பருப்பு பொங்கி வழிந்து அடுப்பில் கருகியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவன் மனம் தொழிற்சாலையில் இருந்தது. மணியம்மாளிடம் சாவி இருக்கிறது. அவள் திறக்கமாட்டாள். கத்துவாள், அழுவாள், திறக்கமாட்டாள். பிறகுதான், மானேஜர் அறை ஆணியில் இன்னொரு சாவி தொங்குவது நினைவுக்கு வந்தது. பூவராகவன் மானேஜர் அறைக்குத்தான் போனார்.

எழுந்தான். சைக்கிள் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"தேவராஜா."

"வந்து பேசறேம்மா."

"இல்லை. இதைக் கேட்டுட்டுப் போ." பெருந்தேவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வியர்வை. "வரதான்னு அவ சொல்லலைடா."

அவன் நிலைப்படியில் நின்றான்.

"நீ மருந்துக்குப் போயிருந்தே. வரதா, வரதான்னு நான்தான் அவ காதுல சொல்லிண்டிருந்தேன். அவ திருப்பிச் சொல்லலை. சொன்னதா நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நல்ல கதின்னு நாலு பேர் சொல்லணும். போற உசிர் பெருமாளை விட்டுட்டு ஃபேக்டரியைப் பத்திப் பேசித்துன்னு எப்படிடா சொல்லுவேன்?"

"என்ன பேசினா?"

"ஜுர வேகத்துல பிதற்றறாள்னு நினைச்சேன். அப்புறம் அந்த மனுஷர் வந்து, இந்தத் தூணைப் பிடிச்சுண்டு அப்படி அழுதார். நீகூட அழலை. இவ்வளவு பாசமா இருக்கறவரைப் போய் அப்படிச் சொன்னாளேன்னு, அவ சொன்னதையே நான் மறக்கப் பாத்தேன்."

"அம்மா. அவ என்ன சொன்னா?"

பெருந்தேவி அவனைப் பார்த்தாள். குமுதவல்லி சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, அவசரமில்லாமல், தணிந்த குரலில் சொன்னாள்.

"'பூவராகவன் ஸாரை அந்தக் குழாய்கிட்ட தனியா விடாதேங்கோம்மா.'"